சின்ஹுவாய்க் கணிகையர் தம்மைப் பற்றித் தாமே எழுதியவை: விவாத இழை

கயல்நிலா (இழையைத் தொடங்குபவர்)

அனைவருக்கும் வணக்கம். சீனாவில் மிங் அரசின் கடைசி நூறு ஆண்டுகளில் நான்ஜிங், சூஜோ, ஹாங்ஜோ நகரங்களில் பாட்டும் கூத்தும் விருந்துமாகச் செழித்திருந்த இரவு வாழ்க்கையைப் பற்றி இந்த மன்றத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பேச்சு யூ ஹுவாய் என்ற எழுத்தாளரின் நினைவுநூலில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அவர் 1693இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, தம் இளமையில் கண்ட நான்ஜிங்கை நினைத்து எழுதிய சிறு நூல் அது. சின்ஹுவாய் ஆற்றின் ஒரு கரையில் கணிகையர் வீடுகள் நிறைந்த ‘பழைய வளாகம்’, எதிர்க்கரையில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாகாணத் தேர்வு நடக்கும் பெரிய தேர்வுக்கூடம், இரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு மட்டும். 1645இல் மஞ்சுப் படைகளிடம் நகரம் வீழ்ந்தபின் அந்த மாடங்கள் சாம்பலாகிக் களை மண்டிக் கிடந்ததை அவர் நெஞ்சு கனக்க எழுதுகிறார்.

ஆனால் அது ஒரு விருந்தாளியின் நினைவு. படகுகளில் எரிந்த விளக்கொளியில் அமர்ந்து பாடிய பெண்கள் தங்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பதுதான் இந்த இழையில் நான் வைக்க விரும்பும் கேள்வி. இன்றைய பொருளில் தன்வரலாறு என்று சொல்லத்தக்க நூல் எதுவும் அவர்களிடமிருந்து வரவில்லை. கவிதைகள், கடிதங்கள், தம் தொகுப்புகளுக்குத் தாமே எழுதிய முன்னுரைகள், ஓவியங்களின் மேல் எழுதிய சில வரிகள் ஆகியவை கிடைக்கின்றன. இவற்றில் ‘நான்’ என்று வரும் இடத்தை எப்படிப் படிப்பது?

சொல்லாட்சி பற்றி ஒன்று. ‘தாசி’ என்றால் கோயில் நினைவுக்கு வந்துவிடும்; ‘பரத்தை’ என்றால் மருதத்திணையின் ஊடல், அதாவது மனைவியின் கண்வழிப் பார்வை வந்துவிடும். கலைப் பயிற்சியையும் சேர்த்துச் சொல்வதால் ‘கணிகை’ என்றே எழுதுகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் தெரிவியுங்கள்.

ஏட்டுச்சுவடி

கயல்நிலா அம்மா, ‘கணிகை’ எனக்கும் உடன்பாடே. ஆனால் கவிதைக்குப் போவதற்கு முன் பதிவேட்டையும் கடன் பத்திரத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

மிங் காலத்தில் அரசின் இசை அலுவலகத்துப் பதிவேட்டில் பெயர் ஏறிய குடும்பங்கள் பரம்பரையாகத் தாழ்ந்த நிலையினராகக் கருதப்பட்டன. 1402இல் யோங்லெ பேரரசர் அரியணையைக் கைப்பற்றியபோது, தமக்கு எதிராக நின்ற அமைச்சர்களின் மனைவியரையும் மகளிரையும் இந்த அலுவலகத்திடம் ஒப்படைத்தார் என்பதிலிருந்தே அந்தப் பதிவேடு ஒரு தண்டனையாகவும் இருந்தது என்பது விளங்கும். இசைக்குடிகளின் இழிநிலையைச் சட்டப்படி நீக்கும் ஆணை 1723இல், யோங்ஜெங் பேரரசரின் காலத்தில்தான் வந்தது. பதிவேட்டுக்கு வெளியே தனியார் வீடுகளும் இருந்தன. சிறு வயதில் விலைக்கு வாங்கப்பட்ட பெண்ணை வீட்டுத்தலைவி ‘வளர்ப்புத் தாய்’ என்ற பெயரில் வளர்த்து, யாழும் சதுரங்கமும் எழுத்துக்கலையும் ஓவியமும் கற்பித்துத் தொழிலில் இறக்குவாள். வெளியேற வேண்டுமானால் யாராவது பணம் கட்டி மீட்க வேண்டும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். தோங் பாய் என்ற புகழ்பெற்ற கணிகை மாவ் சியாங் என்பவரை மணக்க விரும்பினார். மாவ் சியாங்கால் அவருடைய கடன்களைத் தீர்க்க முடியவில்லை. 1642இல் சியான் சியான்யி என்ற பெரும்புலவர் தாமே சூஜோவுக்குச் சென்று, மூன்று நாளில் கடன்காரர்கள் எல்லாருக்கும் கணக்குத் தீர்த்தார். திரும்பப் பெற்ற கடன் பத்திரங்கள் அடுக்கினால் ஓர் அடி உயரம் இருந்ததாக மாவ் சியாங் எழுதுகிறார். அதன் பிறகே அந்தப் பெண் படகேறி அவர் ஊருக்குப் போக முடிந்தது.

ஓர் அடி உயரக் கடன் பத்திரத்தின் மேல் உட்கார்ந்து எழுதப்பட்ட கவிதையில் வரும் கண்ணீரை நாம் எப்படி நம்புவது? விருந்தினர் ஒரு கவிதை சொன்னால் அதே எதுகையில் உடனே பதில் சொல்லத் தெரிந்தவளுக்குத் தொழிலில் மதிப்பு மிகுதி. பிரிவாற்றாமை பாடுவது அவளுக்குப் பயிற்றுவிக்கப்பட்ட திறமை. அதைத் தன்வரலாறாகப் படித்தால், நடிகை மேடையில் அழுததைக் கண்டு அவள் வீட்டில் இழவு என்று முடிவு செய்வது போலாகும்.

தேன்மொழி

ஏட்டுச்சுவடி ஐயா கூறும் எச்சரிக்கை தேவையானதே. இருந்தாலும் மா ஷோஜென் எழுதிய கடிதங்களை நினைத்தால் என்னால் அவ்வளவு உறுதியாக ஒதுக்க முடியவில்லை.

இவர் 1548 முதல் 1604 வரை வாழ்ந்தவர். சியாங்லான் என்ற பெயராலேயே மிகுதியாக அறியப்படுபவர். அந்தப் பெயரில் ‘லான்’ என்பது ஆர்க்கிட் மலரைக் குறிக்கும். வாழ்நாள் முழுவதும் அந்த மலரையே வரைந்தார். 1572இல் வரைந்த ஆர்க்கிட்டும் பாறையும் கொண்ட சுருளோவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாடகம் எழுதினார், தம் வீட்டுப் பெண்களுக்குக் கூத்துப் பழக்கினார். சூஜோவைச் சேர்ந்த வாங் ஜிதெங் என்ற கவிஞர் அவரை ஒரு வழக்குத் தொல்லையிலிருந்து காப்பாற்றினார். அதன்பின் மா அவரை மணக்க விரும்பினார், அவர் இசையவில்லை. நட்பு மட்டும் முப்பது ஆண்டுகள் நீடித்தது.

அந்த ஆண்டுகளில் மா அவருக்கு எழுதிய கடிதங்கள் சில எஞ்சியுள்ளன. அவற்றில் அணி நயம் குறைவு. உடம்பு சரியில்லை, வருவதாகச் சொன்ன நாளில் நீங்கள் வரவில்லை, எப்போது வருவீர்கள், இத்துடன் சிறு பொருள்கள் அனுப்பியிருக்கிறேன் என்பன போன்ற செய்திகளே திரும்பத் திரும்ப வருகின்றன. விருந்தில் பாடிக் காட்டுவதற்காக இப்படி யாரும் எழுதமாட்டார்கள் என்பது என் எண்ணம். நோயையும் பயணத் தேதியையும் அனுப்பிய பொருளையும் பற்றிய இந்தச் சின்னச் செய்திகளில்தான் அவர் வாழ்ந்த நாள்கள் தெரிகின்றன.

1604இல் வாங் ஜிதெங்கின் எழுபதாம் பிறந்த நாளுக்கு மா படகு அமர்த்திக்கொண்டு, தம் ஆடற்பெண்களையும் அழைத்துக்கொண்டு சூஜோ சென்று, ஒரு மாதத்துக்கும் மேலாக விருந்தும் பாட்டும் நடத்தினார். ஊர் திரும்பிய சிறிது காலத்தில் நோயுற்று, நீராடி, புத்தருக்கு விளக்கேற்றி, நிமிர்ந்து அமர்ந்தபடியே உயிர்விட்டார். இந்த முடிவை நமக்குச் சொல்பவர் வாங் ஜிதெங். அந்த ஒரு மாதத்தைப் பற்றி மா எழுதிய வரி ஒன்றாவது இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

நெடுவழி

நான் இத்துறைக்குப் புதியவன். ‘சின்ஹுவாயின் எட்டு அழகியர்’ என்ற பட்டியலை இணையத்தில் எல்லா இடங்களிலும் காண்கிறேன். அந்த எட்டுப் பேருக்கும் எழுத்துகள் உண்டா? லீ சியாங்ஜுன், சென் யுவான்யுவான் ஆகிய இருவர் பெயர்களையே மிகுதியும் கேட்டிருக்கிறேன்.

கயல்நிலா

நெடுவழி, அந்தப் பட்டியல் அவர்கள் காலத்தது அன்று. மஞ்சு ஆட்சியின் பிற்பகுதியில், 19ஆம் நூற்றாண்டில், ஓவியத்துக்கும் பாட்டுக்குமாகச் சேர்த்துக் கட்டப்பட்டது. அதில் உள்ள லியூ ரூஷி சின்ஹுவாய் வீடுகளில் தொழில் நடத்தியவரே அல்லர். சோங்ஜியாங், ஜியாசிங், ஹாங்ஜோ என்று நீர்வழிகளில் படகில் வாழ்ந்தவர்.

நீங்கள் சொன்ன இருவரையும் பற்றி யோசித்துப் பாருங்கள். லீ சியாங்ஜுன் புகழ் பெற்றது ஹோ ஃபாங்யு எழுதிய சிறு வரலாற்றாலும், 1699இல் கோங் ஷாங்ரென் முடித்த நாடகத்தாலும். சென் யுவான்யுவான் புகழ் பெற்றது வூ வெய்யே பாடிய நெடும்பாட்டால். மிகப் பெரிய புகழ் யாரைச் சேர்ந்ததோ அவர்கள் பிறர் எழுத்தில்தான் வாழ்கிறார்கள். தாமே எழுதியவர்களின் பெயர்களைப் பொதுவாசகர் கேட்டிருப்பதே அரிது. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு என்பதை மறைக்கவில்லை.

ஏட்டுச்சுவடி ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். ‘கண்ணீரை எப்படி நம்புவது’ என்கிறீர்கள். கண்ணீரை விட்டுவிடுவோம். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று பார்ப்போம்.

லியூ ரூஷி (1618–1664) சிறுமியாக விற்கப்பட்டவர். ஒரு முன்னாள் பேரமைச்சரின் வீட்டில் இருந்து வெளியேற்றப்பட்டு, பதின்ம வயதிலேயே படகு வாழ்க்கைக்கு வந்தவர். யாங் என்ற குடும்பப் பெயரை விட்டு லியூ என்ற பெயரை எடுத்தார். பிறகு ‘ரூஷி’ என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டார். ‘பசுமலை எனக்கு அழகாகத் தெரிகிறது, மலைக்கும் நான் அவ்வாறே தெரிவேன்’ என்ற பொருளில் சின் சிஜி என்ற சோங் காலக் கவிஞர் பாடிய அடியில் வரும் ‘அவ்வாறே’ என்பதுதான் அந்தப் பெயர். பார்க்கப்படுவதையே தொழிலாக விதித்திருந்த ஒரு பெண், தானும் பார்ப்பவள் என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்டாள்.

1639ஐ ஒட்டிய காலத்தில் அவர் ஹாங்ஜோ மேற்கு ஏரிப் பகுதியில் இருந்தபோது, ஏரியில் பெரிய உல்லாசப் படகு வைத்திருந்த வாங் ரூசியான் என்ற வணிகருக்கு எழுதிய 31 கடிதங்கள் அச்சில் வந்து நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அவர் கேட்பவற்றைப் பாருங்கள்: படிக்க ஒரு கவிதைத் தொகுப்பு வேண்டும், ஏரியில் செல்லப் படகு வேண்டும். ஒரு கடிதத்தில், இப்போது தமக்கு எல்லாவற்றையும் விட அவசரமானது பிறர் கண்ணில் படாமல் மறைந்திருப்பதுதான் என்றும், விரைவில் ஓர் அமைதியான இடத்தைத் தேர்ந்து தர வேண்டும் என்றும் எழுதுகிறார். இன்னொன்றில், மனிதர் ஒருவரையொருவர் அறிவதன் அருமை அவரவர் இயல்பு நிறைவேறத் துணைநிற்பதில் இருக்கிறது என்று பண்டைய அறிஞர் ஜி காங் எழுதியதை எடுத்துச் சொல்லி, அதைப் படிக்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவதாகவும், நீங்கள் என்னிடம் அப்படித்தான் நடந்துகொள்கிறீர்கள் என்றும் நன்றி கூறுகிறார்.

யூ ஹுவாயின் நூலில் இந்தப் பெண்கள் விளக்கொளியில் எல்லார் கண்ணுக்கும் படுபவர்கள். இங்கே ஒருத்தி எழுதுகிறாள்: நான் கண்ணில் படாமல் இருக்க ஓர் இடம் தேடிக்கொடுங்கள் என்று. இதை எதுகைப் பயிற்சி என்று சொல்ல முடியுமா, ஐயா?

ஏட்டுச்சுவடி

சொல்ல முடியாது. ஏற்கிறேன். கேட்டதைப் பார்க்க வேண்டும் என்ற வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனாலும் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் கடிதங்களைச் சேர்த்து வைத்து அச்சுக்குக் கொடுத்தவர் அவற்றைப் பெற்ற அதே வாங் ரூசியான். தமக்கு வந்த கடிதங்களில் எவற்றை வெளியிடுவது என்பது அவர் கையில் இருந்தது. அவர் எழுதிய பதில்களோ அந்தத் தொகுப்பில் இல்லை. தம்மைப் புரவலராகக் காட்டும் கடிதங்களை அவர் விரும்பியிருப்பார். புரவலரின் பெட்டியிலிருந்து வெளிவந்த குரல் அது.

முல்லை

ஏட்டுச்சுவடி ஐயா, அந்தப் பெட்டியைத் திறந்தவர் ஆண் என்றாலும், வாசலில் நின்று நம்மை வரவேற்பவர் ஒரு பெண். அந்தக் கடிதத் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர் லின் ஷுவே. அவரும் அதே உலகத்தில் ஓவியமும் கவிதையும் கொண்டு வாழ்ந்த கணிகை. தியான்சு என்ற பெயரால் அறியப்பட்டவர். தாம் முன்பு மேற்கு ஏரியில் தங்கியிருந்த நாள்களை முதலில் நினைத்துப் பார்க்கிறார். வாங் ரூசியான் இந்தக் கடிதங்களை அனுப்பி முன்னுரை கேட்டதைச் சொல்கிறார். பிறகு, சில ஆயிரம் சொற்கள் கணீரென்று ஒலிக்கின்றன, எழிலில் ஆறு அரசு மரபுகளின் காலத்து எழுத்தையும் மிஞ்சுகின்றன, உணர்வில் பான் ஜாவும் சாய் யானும் போல ஆழ்ந்திருக்கின்றன என்று தீர்ப்பளிக்கிறார். ஒரே தொழிலில் இருந்த மூத்தவர் ஒருவர், இளையவரின் எழுத்தைப் பண்டைய பெண் எழுத்தாளர்களின் வரிசையில் வைத்து அச்சில் சொல்வது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது. இவர்கள் ஒருவரையொருவர் படித்தார்கள். நாம் எப்போதும் கணிகை, புரவலர் என்ற இரண்டு பேரை மட்டும் வைத்துப் பேசுவதால் இந்த மூன்றாவது ஆள் நம் கண்ணில் படுவதில்லை.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. தோங் பாய் பற்றி ஐயா குறிப்பிட்டார். மணமான பின் அவர் பழைய நூல்களிலிருந்து பெண்களின் உடை, அணிகலன், உணவு, ஆடல்பாடல் பற்றிய செய்திகளைத் தேடித் திரட்டி ஒரு நூல் தொகுத்தார். முன்பு சின்ஹுவாய்க் கரையில் புகழ்பெற்ற மாடம் வைத்திருந்த கூ மெய் அதைத் தொலைவிலிருந்து கேட்டு வாங்கிப் படித்து, அச்சிடும்படி தூண்டினார் என்று மாவ் சியாங் எழுதுகிறார். தோங் பாய் 1651இல் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தத் தொகுப்பை வலியைப் பொறுத்துக்கொண்டு பதிப்பித்து முடிப்பேன் என்று கணவர் உறுதி கூறினார். அவர் மனைவியைப் பற்றி எழுதிய நினைவுநூல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மனைவி தொகுத்த நூல் தொலைந்துபோயிற்று.

தேன்மொழி

முல்லை சொன்னதைப் படித்துச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. மாவ் சியாங்கின் நூலில் தோங் பாய் கணவனின் நோய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் பாயில் கிடந்து தொண்டு செய்கிறார், தேநீர் ஊற்றிய சோறும் சிறிது கீரையும் புளித்த அவரையும் உண்டு நிறைவடைகிறார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் தேடித் தேடிச் சேர்த்த நூல் இருந்திருந்தால், அவருக்கு எவற்றில் ஆர்வம் இருந்தது என்பதாவது அவர் வாயாலேயே தெரிந்திருக்கும்.

நெடுவழி

வெளிப்படையாகத் தம்மைப் பற்றியே பேசும் எழுத்து எதுவுமே இல்லையா? கடிதத்தில் குறிப்பால் உணர்வது ஒருபுறம் இருக்கட்டும். ‘நான் ஏன் எழுதுகிறேன்’ என்று நேராகச் சொன்னவர் யாராவது உண்டா?

முல்லை

உண்டு. வாங் வெய் என்பவரைப் படியுங்கள். யாங்ஜோவைச் சேர்ந்தவர். ஏழு வயதில் தந்தையை இழந்து, அலைந்து, கணிகை வாழ்க்கைக்கு வந்தவர். ஒரு சிறு படகில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சூஜோ வட்டாரத்து ஆறுகளில் திரிந்தார். பிறகு முரட்டுத்துணி அங்கியும் மூங்கில் கைத்தடியுமாக யாங்சி ஆற்றை எதிர்த்துச் சென்று, மஞ்சள் நாரைக் கோபுரத்தைக் கண்டு, வூதாங் மலையின் உச்சி ஏறி, லூஷான் மலையில் தாங் காலக் கவிஞர் போ சூயியின் குடில் இருந்த இடத்தைப் பார்த்து, ஹான்ஷான் என்ற புத்தத் துறவியை வணங்கித் திரும்பினார். ‘புல்லாடைத் தாவோயி’ என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டார். மலைகளையும் பயணங்களையும் பற்றிய எழுத்துகளைத் தொகுத்தும் வைத்தார்.

தம் கவிதைத் தொகுப்புக்கு அவர் எழுதிய முன்னுரையின் கருத்தை என் சொற்களில் தருகிறேன்: ஆணாகப் பிறக்கவில்லை, ஆகவே உலகத்தைத் துப்புரவாக்கும் வேலை எனக்கில்லை, ஓர் அறையைத் துப்புரவாக வைத்துக்கொள்கிறேன், தியானமும் ஓதலும் போக எஞ்சிய பொழுதில் ஒரு சொல், ஒரு பாட்டு, சில சமயம் பூமழையில் மனத்தைச் சிதறவிடுகிறேன், சில சமயம் மலைக்கும் நீருக்கும் எழுதுகிறேன், பெருமூச்சு வரும்போது தொடங்கி மனம் நிறைந்ததும் நிறுத்திவிடுகிறேன், வசந்தம் புல்லில் இருப்பதும் இலையுதிர்காலம் இலையில் இருப்பதும் எல்லாம் கவிதைதான் என்று துணிந்து சொல்கிறேன்.

இதன் தொடக்கத்தில் ஒரு பழைய கதை மறைந்திருக்கிறது. ஹான் காலத்து சென் ஃபான் சிறுவனாக இருந்தபோது அவன் அறை குப்பையாகக் கிடந்ததாம். விருந்தாளி கேட்டதற்கு, ‘ஆண்மகன் துப்புரவாக்க வேண்டியது உலகத்தை, ஓர் அறையை அன்று’ என்றானாம். வாங் வெய் அந்தச் சிறுவனின் பெருமைப் பேச்சை எடுத்துத் திருப்பி, உலகம் எனக்கு மறுக்கப்பட்டது, அறை இருக்கிறது, அதிலிருந்து எழுதுகிறேன் என்கிறார். விற்கப்படும் பெண்ணுக்குத் தன் அறை என்று ஒன்று இருப்பது எவ்வளவு கடினம் என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்க வேண்டும். லியூ ரூஷி கேட்ட அமைதியான இடமும் இதுவேதான்.

ஏட்டுச்சுவடி

முல்லை, அந்தக் கதையை நான் இங்கே பொருத்திப் பார்த்ததில்லை. நன்றி, அம்மா.

இவை ஏன் நம் கைக்கு இவ்வளவு குறைவாக வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரடிக் காரணங்கள் இரண்டு. முதலாவது வருத்தமானது, ஏனெனில் அதைச் செய்தவர்களும் பெண்களே. 1667இல் வாங் துவான்ஷூ என்ற அறிஞர் ஆயிரம் பேர் அளவிலான பெண் கவிஞர்களைத் தொகுத்தபோது கணிகையருக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார், சேர்க்கவாவது செய்தார். 1831இல் யுன் ஜூ வெளியிட்ட பெருந்தொகுப்பிலோ கணிகையர் பொதுவாக விலக்கப்பட்டனர். நல்ல குடும்பத்துப் பெண்களும் எழுதலாம் என்பதை நிலைநாட்ட, எழுத்தையும் கணிகையையும் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. குடும்பப் பெண் எழுத உரிமை பெற்ற அதே வழக்கில் கணிகை தோற்றுவிட்டாள்.

இரண்டாவது அரசியல். லியூ ரூஷி 1641இல் மணந்தது தம்மைவிட 36 வயது மூத்த சியான் சியான்யியை. கணிகை ஒருத்தியை முழுத் திருமணச் சடங்குடன் மணந்ததற்காகச் சோங்ஜியாங் ஊர்ப் பெரியவர்கள் அந்தப் படகின் மேல் செங்கலும் கல்லும் வீசினார்கள். சியான் சியான்யி தொகுத்த மிங் காலக் கவிதைப் பெருந்தொகையில் பெண்கள் பகுதியைச் சீர்பார்த்தவர் லியூ ரூஷி. 1650இல் அவர்கள் நூலகம் தீப்பிடித்து எரிந்தது. பின்பு, 1769இல் சியான்லொங் பேரரசர் சியான் சியான்யியின் நூல்கள் அனைத்தையும் தடைசெய்து அழிக்க ஆணையிட்டார். கணவரின் பெயரோடு மனைவியின் எழுத்தும் மறைந்து வாழ வேண்டியதாயிற்று.

அந்தச் சிதறலிலிருந்து அவரை மீட்டவர் சென் யின்கே என்ற வரலாற்றறிஞர். போர்க்காலத்தில் குன்மிங் நகரில் ஒரு பழைய புத்தக வணிகரிடம், சியான் சியான்யியின் தோட்டத்து மரத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சிவப்பு விதையை வாங்கினார். அது பெட்டியில் இருபது ஆண்டு கிடந்தது. பின்னர், கண் பார்வை முற்றிலும் போன நிலையில், குவாங்ஜோவில் உதவியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் லியூ ரூஷியின் வரலாற்றை முடித்தார். ஏறத்தாழ 8 லட்சம் எழுத்துருக்கள் கொண்ட நூல். 1969இல் அவர் இறந்தார். நூல் 1980இல்தான் அச்சேறியது. ஒரு கவிதையில் வரும் ஒரு பழங்குறிப்பை வைத்து, அது எந்த ஆண்டில் யாரை நினைத்து எழுதப்பட்டது என்று கண்டறிவதுதான் அவர் முறை. கணிகையின் கவிதையை வெறும் மரபுச்சொல் என்று தள்ளாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வாழ்க்கை நிகழ்வு உண்டு என்று எடுத்துக்கொண்டார். முதல் பதிவில் நான் எழுப்பிய ஐயத்துக்கு அவருடைய எட்டு லட்சம் எழுத்துகளே பதில் என்று இப்போது எழுதும்போது உணர்கிறேன்.

கயல்நிலா

ஐயா, உங்கள் பதிவு எனக்கு ஒரு துணிவைத் தந்தது. கண்ணீரை விட்டுவிடுவோம் என்று முன்பு எழுதினேன். இப்போது கண்ணீருக்கே திரும்புகிறேன்.

லியூ ரூஷி 1635இல் சோங்ஜியாங்கில் சென் ட்சுலோங் என்ற கவிஞரோடு சில மாதங்கள் வாழ்ந்து, அவர் குடும்பத்தின் எதிர்ப்பால் பிரிந்தார். அந்தப் பிரிவைப் பற்றி ஒரே மெட்டில் 20 சிறுபாட்டுகள் எழுதினார். முதல் பத்தும் ‘போய்விட்டார்’ என்று தொடங்குகின்றன. அடுத்த பத்தும் ‘எங்கே அவர்?’ என்று தொடங்குகின்றன. இரண்டாம் பத்தில் ஒவ்வொரு பாட்டும் அந்தக் கேள்விக்கு ஒரு விடை தருகிறது: ஆற்றுத்திட்டில், சிறிய மண்டபத்தில், நிலவொளியில், படகில், விருந்தில், மழைமூடிய ஏரியில், படிக்கட்டில், திரைக்குப் பின்னால். கடைசிப் பாட்டு:

எங்கே அவர்?
தலையணை ஓரத்தில் இருக்கிறார்.
போர்வை விளிம்பில் தீராத கண்ணீர் மட்டும்;
யாரும் காணாமல் துடைக்கிறேன், மீண்டும் இழுத்துக்கொள்கிறேன்.
அவர் இரங்கட்டும் என்று விரும்பலாமா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யூ ஹுவாய்க்கு விருந்துதான் உலகம். லியூ ரூஷிக்குப் பத்து இடங்களில் விருந்து ஓர் இடம் மட்டுமே. அதைக் கடந்து போய்விடுகிறார். அந்த விருந்துப் பாட்டிலும் நறுமணம் பூசிய கை ஒன்று உயரப் பார்த்து எங்கோ தாழ்ந்து விழுகிறது. விருந்தாளியின் கண்ணுக்கு அது நளினம். கையின் சொந்தக்காரி எழுதும்போது அது கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட ஒரு சொல்லாகிவிடுகிறது. கண்ணீர் மரபுச்சொல் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணீரை எந்த எந்த இடங்களில் வைக்கிறார் என்பது அவருடைய தேர்வு.

அவரே எழுதிய இன்னொரு நெடும்பாட்டில், லுவோ ஆற்றுத் தெய்வத்தை ஆண் பார்த்து மயங்கும் பழைய கதையைத் திருப்பிப் போட்டு, தெய்வத்தை ஆணாக்கிப் பார்வையைத் தம்முடையதாக்கிக்கொள்கிறார் என்பதையும் இத்துடன் சேர்த்துப் படிக்கலாம்.

இறுதியாக ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். வாங் ரூசியானுக்கு எழுதிய கடிதங்களில் லியூ ரூஷி தம்மைக் குறிக்கும் சொல் ‘தம்பி’. ஆண் அறிஞர்கள் நண்பருக்கு எழுதும்போது பணிவாகத் தம்மைக் குறிக்கும் அதே சொல்லை இவரும் எடுத்துக்கொள்கிறார். 1640இல் சாங்ஷூவில் சியான் சியான்யியை முதன்முறை சந்திக்கச் சென்றபோதும் அறிஞரின் தலைத்துணியும் ஆண் உடையும் அணிந்திருந்தார். கீழே கட்டுண்ட பாதத்தின் சிறு காலணி. கடிதத்தில் அந்த உடை இந்த ஒரே சொல்தான். இதைத் தமிழில் எப்படித் தருவது? ‘சிறியேன்’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

தேன்மொழி

‘சிறியேன்’ வேண்டாம். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அவர் உடுத்திய உடையை நாமே களைந்துவிடுவது போலாகும். நம் மொழியில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. ‘விரும்புகிறேன்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆகவே பெயர்ச்சொல்தான் சுமக்க வேண்டும்.

ஏட்டுச்சுவடி

‘இளையவன்’ என்று போட்டுப் பாருங்கள். அன் விகுதி கண்ணில் குத்தும். குத்தட்டும். ‘தம்பி’ என்றால் பிறர் அழைப்பது போல ஒலித்துவிடும்.

முல்லை

நானும் ‘இளையவன்’ பக்கமே. ஆனால் எல்லாக் கடிதங்களிலும் ஒரே சொல்லாக வர வேண்டும், கயல். ஓரிடத்தில்கூட ‘நான்’ என்று நழுவவிட வேண்டாம்.

கயல்நிலா

மூவருக்கும் நன்றி. முதல் பத்துக் கடிதங்களை இன்றிரவே திருத்தத் தொடங்கிவிட்டேன். நூல் கேட்கும் வரி இப்போது இப்படி இருக்கிறது:

‘இளையவன் அந்தக் குடில் கவிதைகளைப் பார்க்க விரும்புகிறேன், ஒரு பிரதி அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.’